ரெசிப்ரோகல்: எது போகிறது, எது திரும்பி வருகிறது?

வாசகர் கேள்வி: மூன்று வருடமாகப் பகுதி நேரமாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். 'ரெசிப்ரோகல்' என்று வந்தால் 'பரஸ்பர' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். போன மாதம் ஓர் ஒப்பந்தத்தில் 'ரெசிப்ரோகல் ஆப்ளிகேஷன்ஸ்' வந்தது. 'பரஸ்பரக் கடமைகள்' என்று எழுதினேன். சரிபார்த்தவர், "மியூச்சுவல் என்பதற்கும் இதையேதான் எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதே வாரம் மகள் கணக்குப் பாடத்தோடு வந்தாள். அங்கே ரெசிப்ரோகல் என்றால் தலைகீழி. செய்தியில் 'ரெசிப்ரோகல் டாரிஃப்' என்கிறார்கள். மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் ஒரு கதையில் 'ஹிஸ் லவ் வாஸ் நாட் ரெசிப்ரோகல்' என்று ஒரு வரி. ஒரே சொல் எப்படி இத்தனை இடத்தில் நிற்கிறது? எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு தமிழ்ச் சொல் உண்டா?

பதில்:

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரு சொல் இல்லை. அதைத் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கும் பொருள் ஒன்றுதான். அது பிடிபட்டால் ஒவ்வொரு இடத்திலும் தமிழ் தானாக வரும்.

உங்கள் சரிபார்ப்பாளர் கேட்ட கேள்வியை என்னிடம் யாரும் கேட்காததால் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு நூலகங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பற்றிய அறிவிப்பை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் 'ரெசிப்ரோகல் பாரோயிங்' என்று இருந்தது. இந்த நூலகத்து உறுப்பினர் அந்த நூலகத்தில் புத்தகம் எடுக்கலாம், அந்த நூலகத்து உறுப்பினர் இங்கே வந்து எடுக்கலாம். அவ்வளவுதான் விஷயம். எனக்கு அப்போது ரெசிப்ரோகலும் மியூச்சுவலும் ஒன்று. மியூச்சுவல் ஃப்ரெண்ட் என்றால் இருவருக்கும் பொதுவான நண்பர் இல்லையா, அந்த நினைப்பில் 'இரு நூலகங்களுக்கும் பொதுவான உறுப்பினர்கள் எங்கு வேண்டுமானாலும் புத்தகம் எடுக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். பலகையும் மாட்டிவிட்டார்கள். படித்துப் பாருங்கள், அதற்கு என்ன அர்த்தம்? இரண்டு இடத்திலும் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த வசதி என்று ஆகிவிடுகிறது. ஒரே ஓர் அட்டையோடு வந்த பெரியவர் ஒருவரை, பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். யாருக்காக அந்த ஏற்பாடு செய்யப்பட்டதோ, அவரையே என் வாக்கியம் வாசலில் நிறுத்திவிட்டது. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அங்கே தவறியது என்ன என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. 'பொதுவான' என்றால் இருவருக்கும் நடுவில் ஒரே பொருள் இருக்கிறது, இருவரும் அதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ரெசிப்ரோகலில் நடுவில் எதுவும் இல்லை. இங்கிருந்து அங்கே ஒன்று போகிறது, அங்கிருந்து இங்கே ஒன்று வருகிறது. காகிதத்தில் வரைந்தால் முதலாவது ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு வட்டங்கள். இரண்டாவது எதிரெதிராகப் போகும் இரண்டு அம்புகள்.

சொல் பிறந்த இடத்திலும் இந்த அம்புகள் இருக்கின்றன. லத்தீனில் 'ரெசிப்ரோகஸ்' என்றால் போன வழியே திரும்பி வருவது. 'ரெ' என்றால் பின்னால், 'ப்ரோ' என்றால் முன்னால், இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் என்று சொற்பிறப்பு ஆராய்கிறவர்கள் கொள்கிறார்கள். கடலின் ஓதத்தைச் சொல்ல லத்தீனில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். நீர் ஏறிவந்து அதே கரையில் இறங்கிப்போகும், மறுபடி ஏறும். முன்னும் பின்னும் என்ற இரண்டு துண்டை ஒட்டி ஒரு சொல் செய்வது நமக்கு அந்நியமான வேலை இல்லை. போக்கும் வரத்தும் சேர்ந்து போக்குவரத்து ஆனது. கொடுக்கல் வாங்கல் என்கிறோம். தினமும் வாயில் புழங்குவதால் அவற்றின் உள்ளே இருக்கும் இரண்டு அம்புகள் கண்ணில் படுவதில்லை.

மியூச்சுவலின் கதை வேறு. அதுவும் லத்தீன்தான். 'மியூச்சுவஸ்' என்றால் கடனாக வாங்கிய, கைமாறிய என்று பொருள். சிறு கடனை நாம் 'கைமாற்று' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே எண்ணம். பிறப்பில் அதுவும் கொடுக்கல் வாங்கல் சொல்தான். ஆனால் ஆங்கிலத்தில் புழங்கிப் புழங்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒன்றுபோல் இருப்பதைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மதிப்பு இருந்தால் மியூச்சுவல் ரெஸ்பெக்ட். யார் முதலில், யார் பிறகு என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. ரெசிப்ரோகலில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. ஒருவர் செய்த உதவிக்குப் பதிலாக மற்றவர் செய்யும் ஒற்றைச் செயலை 'ரெசிப்ரோகல் ஜெஸ்சர்' என்று சொல்லலாம். 'மியூச்சுவல் ஜெஸ்சர்' என்று அந்த ஒற்றைச் செயலைச் சொல்ல முடியாது. மறுபக்கம், 'ரெசிப்ரோகல் ஃப்ரெண்ட்' என்று பொது நண்பரைச் சொல்ல முடியாது. நான் சந்தேகம் வரும்போதெல்லாம் செய்துபார்க்கும் சோதனை இதுதான்: 'பொதுவான' அல்லது 'இருவருக்கும் உள்ள' என்று மாற்றினால் பொருள் நிற்கிறதா? நின்றால் மியூச்சுவல். 'பதிலுக்கு' என்று போட்டால் நிற்கிறதா? அப்படியானால் ரெசிப்ரோகல். இரண்டும் நிற்கிற இடங்களும் உண்டு, அங்கே பரஸ்பரம் என்று எழுதினால் குற்றமில்லை.

இந்த வித்தியாசத்தை உயிரியல்காரர்கள் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தேனீ பூவில் தேன் எடுக்கிறது, அதே வருகையில் மகரந்தம் பூவிலிருந்து பூவுக்குப் போகிறது. இரண்டுக்கும் அந்த இடத்திலேயே லாபம், பாக்கி எதுவும் இல்லை. அதற்கு மியூச்சுவலிசம் என்று பெயர். 1971-இல் ராபர்ட் ட்ரிவர்ஸ் 'ரெசிப்ரோகல் ஆல்ட்ரூயிசம்' என்ற கருத்தை எழுதினார். இன்று நான் இழந்து உனக்குத் தருகிறேன், பிறகு ஒரு நாள் நீ இழந்து எனக்குத் தருவாய் என்ற வகை உதவி அது. இதற்குப் பெரிதும் சொல்லப்படும் சாட்சி, இரத்தம் குடித்து வாழும் வேம்பயர் வௌவால். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் அது செத்துப்போகும். பசியோடு திரும்பியது வயிறு நிறைந்த தோழமை வௌவாலிடம் ஒட்டிக்கொண்டு வாயை நக்கும், அது தான் குடித்ததில் கொஞ்சம் கக்கி ஊட்டும். ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டா ரிகாவில் இவற்றைக் கவனித்து 1984-இல் எழுதினார். உறவினத்துக்கு மட்டும் இல்லாமல், அடிக்கடி கூடத் தங்கும் பிறத்தி வௌவாலுக்கும் ஊட்டுகின்றன. முன்பு தனக்கு ஊட்டியது எதுவோ, அதற்குப் பின்னால் ஊட்டும் வாய்ப்பு அதிகம். இங்கே கொடுப்பதற்கும் திரும்ப வருவதற்கும் நடுவில் நாள்கள் இருக்கின்றன. 'பரஸ்பர உதவி' என்று எழுதினால் அந்த இடைவெளி காணாமல் போகிறது. 'பதிலுதவி எதிர்பார்த்த உதவி' என்றோ, இன்னும் எளிதாகக் 'கைம்மாறு கருதிய உதவி' என்றோ எழுதினால் அது நிற்கிறது. கைம்மாறு என்ற நம் சொல் பழையது, வலுவானது. எடுத்து ஆளத் தயங்காதீர்கள்.

சரி, உங்கள் ஒப்பந்தத்துக்கு வருவோம். சட்டத்தில் ரெசிப்ரோகல் என்பதற்கு வரையறையே உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 2(எஃப்), ஒன்றுக்கு ஒன்று ஈடாக அமையும் வாக்குறுதிகளை ரெசிப்ரோகல் ப்ராமிசஸ் என்கிறது. நீ பணம் தருவதாகச் சொன்னதால் நான் சரக்கு தருவதாகச் சொன்னேன், நான் சரக்கு தருவதாகச் சொன்னதால் நீ பணம் தருவதாகச் சொன்னாய். ஒன்று இல்லாவிட்டால் மற்றது இல்லை. பிரிவு 51 இதை இன்னும் இறுக்குகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தம் என்றால், எதிர்த்தரப்பு தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாதவரை நானும் என் பங்கைச் செய்ய வேண்டியதில்லை. ஆக, சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு 'பணம் எங்கே?' என்று கேட்கும் உரிமை அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. 'இரு தரப்பும் ரகசியம் காக்க வேண்டும்' என்பது போன்ற கடமை அப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இருவருக்கும் ஒரே மாதிரிக் கடமை, ஒருவர் உடைத்தார் என்பதற்காக மற்றவரும் உடைக்கலாம் என்று தானாக ஆகிவிடாது. அதைப் 'பரஸ்பர' என்றோ 'இரு தரப்புக்கும் உரிய' என்றோ எழுதுங்கள். ரெசிப்ரோகல் வரும் இடத்தில் 'ஒன்றுக்கு ஒன்று ஈடான கடமைகள்' என்று எழுதுங்கள். நீளமாகத்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் நீளம் ஒரு குறை இல்லை, இரண்டு சொல்லை ஒரே சொல்லாக்கி நாளைக்கு வழக்கறிஞர்களைக் குழப்புவதுதான் குறை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆங்கிலத்தில் எழுதியவரே இரண்டையும் குழப்பியிருக்கக்கூடும். அந்தப் பிரிவு முழுவதையும் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

டாரிஃப், அதாவது இறக்குமதி வரி விஷயம் எனக்கு மிகவும் சுவையானது. 1934-இல் அமெரிக்கா 'ரெசிப்ரோகல் ட்ரேட் அக்ரிமென்ட்ஸ் ஆக்ட்' என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் எங்கள் பொருளுக்கு வரியைக் குறைத்தால் நாங்களும் உங்கள் பொருளுக்குக் குறைக்கிறோம் என்பது அதன் சாரம். 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அதே நாடு 'ரெசிப்ரோகல் டாரிஃப்' என்று அறிவித்தது வரியை உயர்த்துவதற்காக. சொல் ஒன்று, போன திசை நேர் எதிர். இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது, ரெசிப்ரோகல் என்ற சொல்லுக்குள் நட்பும் இல்லை, பகையும் இல்லை என்பது. அன்புக்கு அன்பு வந்தாலும் ரெசிப்ரோகல், அடிக்கு அடி வந்தாலும் ரெசிப்ரோகல். தமிழில் 'பரஸ்பரம்' என்றதும் ஓர் இணக்கத்தின் சாயல் வந்துவிடுகிறது. அதனால் 'பரஸ்பர வரி' என்று படிக்கும்போது இரண்டு நாடும் பேசி ஒத்துக்கொண்டது போலக் கேட்கிறது. 'பதிலடி வரி' என்றால் அடி முன்னமே விழுந்துவிட்டது என்று நாமே தீர்ப்புச் சொன்னது போல் ஆகிறது. நான் 'பதில் வரி' என்று எழுதுவேன். எதற்குப் பதில் என்ற கேள்வியைச் செய்தி விளக்கட்டும். 2025-இல் பொருளியலாளர்கள் பலர் எழுப்பியதும் அந்தக் கேள்விதான். அறிவிக்கப்பட்ட விகிதங்கள் எதிர்நாடு விதித்த வரிக்கு நேர்ச் சமமாக இல்லை, அந்த நாட்டோடு உள்ள வர்த்தகப் பற்றாக்குறையை வைத்துக் கணக்கிடப்பட்டவை. அது ரெசிப்ரோகல் ஆகுமா என்று அவர்கள் கேட்டார்கள். போனதும் வந்ததும் ஓர் அளவில் பொருந்த வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லோடு ஒட்டியிருப்பதால்தான் அப்படிக் கேட்க முடிந்தது.

அந்த அளவுதான் கணிதத்துக்கும் கதவு. இந்தச் சொல் ஆங்கிலக் கணிதத்தில் பழையது. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வடிவியல் நூல் 1570-இல் ஆங்கிலத்துக்கு வந்தபோதே அதில் ரெசிப்ரோகல் இருக்கிறது. பக்கங்கள் எதிர்விகிதத்தில் அமைந்த உருவங்களைச் சொல்ல வந்தது. ஒரு செவ்வகத்தின் பரப்பு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 3 என்றால் அகலம் 4. நீளத்தை இரட்டிப்பாக்கி 6 என்று வைத்தால் அகலம் பாதியாகி 2 ஆக வேண்டும். ஒரு பக்கம் முன்னால் போனால் மறுபக்கம் அதே விகிதத்தில் பின்னால் வருகிறது. ஓதம் எண்ணுக்குள் புகுந்துவிட்டது. பரப்பை 12-க்குப் பதில் 1 என்று வைத்தால் பள்ளியில் படிக்கும் தலைகீழி கிடைத்துவிடும்: 5-க்கு ஐந்தில் ஒன்று, மூன்றில் இரண்டுக்கு இரண்டில் மூன்று, எந்த ஜோடியைப் பெருக்கினாலும் 1. பூஜ்ஜியத்துக்கு மட்டும் தலைகீழி கிடையாது, எதனால் பெருக்கினாலும் அது 1 ஆவதில்லை.

மின்சாரம் படிப்பவர்கள் இந்தத் தலைகீழை எழுத்திலேயே செய்துகாட்டினார்கள். மின்தடையின் அலகு ஓம். தடையின் தலைகீழி, அதாவது மின்னோட்டத்துக்கு எவ்வளவு வழிவிடுகிறது என்பதன் அலகுக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பின்னாலிருந்து எழுதி 'மோ' என்று பெயர் வைத்தார் கெல்வின் பிரபு. 1883-இல் நடந்தது. இன்று சீமென்ஸ் என்ற பெயர் வந்துவிட்டது, ஆனாலும் மோ மறக்கக்கூடிய பெயரா?

இன்னும் சில இடங்களில் சந்திப்பீர்கள். திசைகாட்டியில் 60 பாகையில் போனவர் திரும்பி வர 240 பாகை பிடிக்க வேண்டும், அந்த எதிர்த்திசை ரெசிப்ரோகல் பேரிங். விமான ஓடுபாதையின் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் எழுதியிருப்பதும் இதே கணக்குத்தான், 90 பாகையையும் 270 பாகையையும் கடைசிச் சைபரை விட்டு எழுதியிருக்கிறார்கள். ரெசிப்ரோகேட்டிங் இன்ஜினில் பிஸ்டன் சிலிண்டருக்குள் போய்ப் போய் வருகிறது. அங்கே இரண்டு பேரும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை, வெறும் போக்குவரத்து. 'பரஸ்பர இன்ஜின்' என்று எழுதியதை ஒரு கையேட்டில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஆங்கிலத்தில் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. 'தே ஹெல்ப்ட் ஈச் அதர் ரெசிப்ரோகலி' என்று எழுதாதீர்கள், 'ஈச் அதர்' என்றாலே அந்தப் பொருள் வந்துவிட்டது. ஆங்கில இலக்கணத்தில் 'ஈச் அதர்', 'ஒன் அனதர்' இரண்டுக்கும் பெயரே ரெசிப்ரோகல் ப்ரோநௌன்ஸ். அப்புறம், இருவழிப் பாதையை ரெசிப்ரோகல் என்று சொல்லக்கூடாது. அதில் வண்டிகள் இரு பக்கமும் போகின்றன, ஆனால் ஒன்றுக்குப் பதிலாக ஒன்று போவதில்லை. அதற்கு 'டூ வே' அல்லது 'பைடைரக்ஷனல்', தமிழில் இருவழி, இருதிசை. இரண்டு நாடுகளோ இரண்டு தரப்போ உட்கார்ந்து செய்வது 'பைலேட்டரல்', இருதரப்பு. அங்கே ஒரு தரப்பு மட்டும் விட்டுக்கொடுத்தாலும் அது இருதரப்பு ஒப்பந்தம்தான், ரெசிப்ரோகல் ஆகாது.

தமிழுக்குள் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலம் பெயரடையில் சொல்வதைத் தமிழ் பெரும்பாலும் வினையில் சொல்கிறது. 'பேசிக்கொள்கிறார்கள்', 'அடித்துக்கொண்டார்கள்', 'விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள்' என்னும்போது அந்தக் 'கொள்' செய்யும் வேலையைப் பாருங்கள். 'அவர்களுக்கு இடையே பரஸ்பரத் தாக்குதல் நடந்தது' என்று எழுதுவதைவிட 'ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்' என்பது எவ்வளவு உயிரோடு இருக்கிறது! ஒருவரையொருவர், ஒருவருக்கொருவர், ஒருவரோடொருவர் என்று வேற்றுமை உருபை மாற்றி மாற்றி நாம் சொல்வதில் ஆங்கிலத்தில் இல்லாத நுணுக்கம் இருக்கிறது. பெயரடையைத் தேடி அகராதியைப் புரட்டும் முன், வாக்கியத்தின் வினையை ஒரு முறை பாருங்கள். பாதி நேரம் விடை அங்கேயே இருக்கும்.

உங்கள் கதை வரிக்கும் இதுதான் வழி. 'அவனது காதல் பரஸ்பரமானதாக இல்லை' என்று எழுதினால் அது காதலைப் பற்றிய வாக்கியமாகவே ஒலிக்காது. நம்மிடம் 'ஒருதலைக் காதல்' இருக்கிறது. ஒருபக்கக் காதலுக்குக் 'கைக்கிளை' என்று பழைய இலக்கணம் தனிப் பெயரே வைத்தது. காதல் ஒருதலையாக இருந்தால் துன்பம், காவடித் தண்டு போல இரு தலையிலும் இருந்தால் இனிது என்கிறது 1196-ஆம் குறள். தண்டின் ஒரு நுனியில் மட்டும் பாரம் தொங்கினால் தோளில் நிற்குமா? ரெசிப்ரோகல் லவ் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. கதையின் நடை இலக்கியமாக இருந்தால் 'அவன் காதல் ஒருதலையாகவே நின்றது' என்று எழுதுங்கள். பேச்சு நடை என்றால் 'அவனுக்குத்தான் அவள்மேல் ஆசை, அவளுக்கு அவன்மேல் அப்படி எதுவும் இல்லை' என்றே எழுதிவிடலாம். முன்பின் வரிகளைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

மகளிடம் வரையறையில் தொடங்க வேண்டாம். ஒரு காகிதத்தில் 5 என்று எழுதி, தலைகீழாக்கச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்று என்று எழுதுவாள். அதையும் தலைகீழாக்கச் சொல்லுங்கள். மறுபடியும் 5 வந்து நிற்கும். அவளுக்குப் பிடித்த இன்னும் இரண்டு மூன்று எண்களில் செய்துபார்க்கட்டும். எல்லாம் போன வழியே திரும்பி வருவதைப் பார்த்த பிறகு, அந்த ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் என்ன பொருள் என்பதைச் சொல்லுங்கள்.